நஞ்சை அளந்து மருந்தாக்கிய டாக்டர் விதரிங்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் வழியில், பழைய வீடுகளின் மதிலோரம் செவ்வரளியும் மஞ்சள் அரளியும் பூத்து நிற்பதைக் காணாதவர் இல்லை. நெய்யாறு கடலோடு சேரும் பூவாறு பக்கம் சென்றால், காயல் கரையில் ஒதளமரம் நிற்கும். அதன் காய், பார்வைக்குப் பச்சை மாங்காய் போலவே இருக்கும். இந்த மூன்றையும் ஆடுகூடத் தீண்டாது என்பார்கள். பிள்ளைகள் அவற்றைப் பறித்து விளையாடினால், கையைக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் கைவைக்க வேண்டும் என்று பாட்டிமார் அதட்டுவது இந்த எல்லைக் கிராமங்களில் வழக்கம்.

அந்த அதட்டலில் பெரிய உண்மை ஒன்று உண்டு. இந்தச் செடிகளின் நஞ்சு வயிற்றோடு நிற்பதில்லை. அது நேரே இதயத்தைப் பிடிக்கிறது. துடிப்பின் தாளத்தைக் குலைக்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைத்தான் டாக்டர்கள் கால் மில்லிகிராம் மாத்திரையாக, பலவீனமான இதயத்துக்கு ஊக்கம் தர எழுதிக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் டிஜாக்சின்.

கொல்லும் பொருளே காக்கும் பொருளும் ஆவது எப்படி? இரண்டுக்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பத்தாண்டுகள் பொறுமையாகக் கணக்கு எழுதியவர், இங்கிலாந்து நாட்டு டாக்டர் வில்லியம் விதரிங். அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் எழுதி வைத்த எச்சரிக்கை இன்றைய மாத்திரைக்கும் பொருந்துகிறது.

செடி நூலை வெறுத்த மாணவர்

விதரிங் 1741-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வெல்லிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எட்மண்ட் விதரிங் மருந்து கலந்து கொடுப்பவர், வைத்தியமும் பார்ப்பார். வேரும் இலையும் பட்டையும் மணக்கும் வீட்டில் பையன் வளர்ந்தான்.

1762-ல் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அந்நாளில் மருத்துவ மாணவர்கள் தாவர நூலும் கற்க வேண்டும். நன்றாகக் கற்றவருக்குப் பேராசிரியர் தங்கப் பதக்கம் தருவார். அந்தப் பதக்கத்தின் ஆசைகூடத் தமக்கு அந்தப் பாடத்தில் உள்ள வெறுப்பைப் போக்கவில்லை என்று விதரிங் பெற்றோருக்குக் கடிதம் எழினார். பிற்காலத்தில் ஒரு செடியினாலேயே உலகப் புகழ் பெறப் போகிறவர், இளமையில் செடி நூலைக் கண்டாலே முகம் சுளித்தார் என்பது வேடிக்கைதான்.

1766-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்டாபோர்டு நகரில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். சிறிய ஊர், நோயாளிகளும் அதிகம் இல்லை. அங்கேதான் அவருடைய மனம் மாறியது. ஹெலனா குக்ஸ் என்ற இளம்பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். பூக்களைப் படமாக வரைவது அவருடைய பொழுதுபோக்கு. அவர் வரைவதற்காக விதரிங் வயல் வரப்புகளிலும் வேலியோரங்களிலும் அலைந்து செடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். செடி தேடப் போன டாக்டருக்குச் செடி நூலிலும் பற்று வந்தது; அந்தப் பெண்மீதும் பற்று வந்தது. 1772-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அந்தப் பற்று வீண் போகவில்லை. 1776-ல், பிரிட்டனில் தானாக வளரும் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி ஒரு பெரிய நூலை அவர் வெளியிட்டார். லின்னேயஸ் வகுத்த முறையைச் சாதாரண மக்களுக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூல்களில் அது முக்கியமானது. அவர் மறைந்த பின்னும் அது பல பதிப்புகளைக் கண்டது.

நிலா வெளிச்சத்து நண்பர்கள்

1775-ல் பர்மிங்காம் நகரில் வில்லியம் ஸ்மால் என்ற டாக்டர் இறந்தார். அவருடைய இடத்துக்கு வரும்படி விதரிங்கை அழைத்தவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினின் பாட்டனார் இவரே. எராஸ்மஸ் டார்வினும் பேர்பெற்ற டாக்டர், கவிஞரும்கூட.

பர்மிங்காம் அப்போது நீராவி இயந்திரமும் இரும்புப் பட்டறையுமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். அங்கே ஓர் அறிஞர் குழு இருந்தது. பௌர்ணமியை ஒட்டி அவர்கள் கூடுவார்கள். கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்ப நிலா வெளிச்சம் உதவும் அல்லவா? அதனால் அதற்குச் சந்திரக் கழகம் என்ற பொருளில் பெயர் வந்தது. நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் மாத்யூ போல்டன், பிராண வாயுவைக் கண்ட ஜோசப் பிரீஸ்ட்லி, பீங்கான் தொழிலில் பேர்பெற்ற வெட்ஜ்வுட் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். விதரிங்கும் அவர்களில் ஒருவரானார்.

பெரிய மனிதர்களோடு பழகினாலும், ஏழைகளை அவர் மறக்கவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக ஒதுக்கினார். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் இப்படி அவரிடம் வந்தார்கள். அவருடைய பெரிய கண்டுபிடிப்புக்கு இந்த ஏழைகளின் கூட்டமே அடிப்படையாக அமைந்தது.

கிழவியின் ரகசியம்

1775-ல் ஒருநாள், ஒரு குடும்பத்து மருந்துக் குறிப்பு விதரிங்கின் பார்வைக்கு வந்தது. ஷ்ராப்ஷயரில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, நீர்க்கோவை நோய்க்கு அதைக் கொடுத்து வந்தாராம். பட்டம் பெற்ற வைத்தியர்கள் கைவிட்ட சிலரும் அதனால் குணமடைந்தார்கள் என்று பேச்சு. மூதாட்டி அதை வெகு காலம் ரகசியமாகவே வைத்திருந்தார்.

நீர்க்கோவை என்பது கால் வீங்கி, வயிறு பருத்து, மூச்சுத் திணறி, படுக்கவும் முடியாமல் நோயாளி உட்கார்ந்தே இரவைக் கழிக்கும் கொடிய நோய். இதயம் தளர்ந்து ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாதபோது உடம்பில் நீர் தேங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று இன்று தெரியும். அந்நாளில் அது தெரியாது. நீர் சேர்ந்தால் நீரை வெளியேற்ற வேண்டும் என்பதே வைத்தியர்களின் கணக்கு.

மூதாட்டியின் குறிப்பில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கடும் வாந்தியும் பேதியும் ஆகும். நீர் இறங்குவதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. செடிகளை நன்கு அறிந்த விதரிங், பட்டியலைப் பார்த்தவுடன், இவற்றில் வேலை செய்யும் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். அதுதான் பாக்ஸ்குளோவ் செடி.

பாக்ஸ்குளோவ் ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் செடி. பூ விரலில் மாட்டிக்கொள்ளும் உறைபோல் இருப்பதால், 1542-ல் பூக்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்கு டிஜிடாலிஸ் என்று லத்தீன் பெயர் வைத்தார். விரல் என்பதற்கு உரிய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். இந்தியாவிலும் நீலகிரி, காஷ்மீர் போன்ற குளிர்ந்த மலைப் பகுதிகளில் இது பயிரிடப்பட்டதுண்டு.

அந்த மூதாட்டிக்கு ஹட்டன் பாட்டி என்று பெயர் சூட்டிச் சிலர் கதை எழுதியிருக்கிறார்கள். விதரிங் அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. அந்தப் பெயர் இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்தோடு பரவியது. பெயர் தெரியாத ஒரு நாட்டு வைத்தியப் பெண்ணிடமிருந்து மருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதியதே விதரிங்கின் நேர்மை.

பத்தாண்டுக் கணக்கு

ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரித் தலைவர் மார்பில் நீர் கோத்து அவதிப்பட்டு, பாக்ஸ்குளோவ் வேரைச் சாப்பிட்டுப் பிழைத்தார் என்ற செய்தியும் நண்பரான டாக்டர் ஆஷ் வழியாக விதரிங்குக்குக் கிடைத்தது. அது அவருடைய நம்பிக்கையை உறுதிப்படுத்தியது.

1775 டிசம்பரில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். ஒரு காலத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்தவர். அப்போது நொடித்துப் போயிருந்தார். அவருக்கு விதரிங் பாக்ஸ்குளோவ் இலைக் கஷாயம் கொடுத்தார். நீர் ஏராளமாகப் பிரிந்தது, மூச்சு இலேசாயிற்று. விதரிங் பிற்காலத்தில் வெளியிட்ட பட்டியலில் முதல் நோயாளி இவரே.

ஆனால் ஒரே அளவு ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு நஞ்சாகவும் ஆவதை விதரிங் விரைவிலேயே பார்த்தார். தொடக்கத்தில் தாம் கொடுத்த அளவு மிக அதிகம் என்பதை உணர்ந்தார். ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வேரின் வீரியத்தை நம்ப முடியாது என்று கருதினார். எனவே இலையையே தொடர்ந்து பயன்படுத்தினார். இலையிலும் வேறுபாடு இருந்தது. எனவே செடி பூக்கும் காலத்தில் மட்டுமே இலை பறிக்க வேண்டும் என்று வகுத்தார். கொதிக்க வைத்தால் வீரியம் கெடுகிறது என்று கண்டு, கஷாயத்தை விட்டு வெந்நீரில் ஊறவைத்தார். கடைசியில் உலர்ந்த இலையைப் பொடியாக்கி, குன்றிமணி எடைக்கும் குறைவான அளவிலிருந்து தொடங்கினார்.

நம் நாட்டில் வைத்தியர் மருந்தை இடித்து, உலர்த்தி, சுத்தி செய்து, குன்றிமணி எடையிட்டுக் கொடுப்பது பழைய பழக்கம். ஆயுர்வேதத்தில் அரளியை நஞ்சு வகையில் சேர்த்து, சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். விதரிங் செய்ததும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அவர் இன்னொரு படி மேலே போனார். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தேன், என்ன ஆயிற்று என்று நோயாளி வாரியாக எழுதினார். குணமானவர்களோடு நில்லாமல், பலன் கிடைக்காதவர்களையும் இறந்தவர்களையும் அதே பட்டியலில் சேர்த்தார். வெற்றிகளை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதியிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். உண்மை கிடைத்திருக்காது என்பது அவருடைய எண்ணம்.

நட்பு முறிந்தது

இதற்கிடையே ஒரு கசப்பு நேர்ந்தது. எராஸ்மஸ் டார்வினும் விதரிங்கும் சேர்ந்து சில நோயாளிகளைப் பார்த்ததுண்டு. பாக்ஸ்குளோவ் கொடுக்கலாம் என்று சொன்னவர் விதரிங். டார்வினுடைய மகன் சார்லஸ் எடின்பரோவில் மருத்துவம் படித்து வந்தார். 1778-ல் இளம் வயதிலேயே இறந்தார். மகனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை 1780-ல் தந்தை அச்சிட்டபோது, பாக்ஸ்குளோவ் கொடுத்துப் பார்த்த நோயாளிகளின் விவரத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அதில் விதரிங்கின் பெயர் இல்லை.

அழைத்து வந்து ஆதரித்த நண்பரே இப்படிச் செய்தது விதரிங்கின் மனத்தைப் புண்படுத்தியது. அதன் பின் இருவருக்கும் பழைய நேசம் திரும்பவே இல்லை.

இதைவிடப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. மருந்தின் புகழ் பரவத் தொடங்கியது. 1783-ல் எடின்பரோ மருந்து நூலிலும் பாக்ஸ்குளோவ் இடம்பெற்றது. அளவு அறியாத வைத்தியர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று மேலும் கொடுத்தார்கள். நோயாளிகள் இறந்தார்கள், பழி செடியின் மேல் விழுந்தது. நல்ல மருந்து தவறான கைகளால் கெட்டுப் போகுமே, அல்லது அதைக் கண்டு அஞ்சி உலகம் அதைக் கைவிட்டு விடுமே என்ற அச்சம் விதரிங்குக்கு ஏற்பட்டது.

எனவே 1785-ல் அவர் தம் நூலை வெளியிட்டார். பாக்ஸ்குளோவ் பற்றியும் அதன் சில மருத்துவப் பயன்களைப் பற்றியும் ஒரு விவரம் என்பது அதன் தலைப்பின் பொருள். பர்மிங்காமில் அச்சான அந்தச் சிறிய நூலில், பத்தாண்டுகளில் தாமே பார்த்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாறு இருந்தது. செடியை வேறு செடியோடு குழப்பிக்கொள்ளாதபடி ஒரு வண்ணப் படமும் இணைத்திருந்தார்.

நாடி சொன்ன சேதி

அந்த நூலில் மிக முக்கியமான பகுதி, மருந்தின் தீய விளைவுகளைப் பற்றியது. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, பேதி, தலைச்சுற்றல் வரும், பார்வை குழம்பும், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும், நாடி தளர்ந்து நிமிடத்துக்கு 35 என்ற அளவுக்குக்கூட இறங்கும், குளிர்ந்த வேர்வை, வலிப்பு, மயக்கம் தொடர்ந்து மரணமும் நேரலாம் என்று அவர் வரிசைப்படுத்தினார். இன்றைய மருத்துவ நூலில் டிஜாக்சின் நஞ்சேற்றம் என்ற தலைப்பில் உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இவையே.

இதற்கு அவர் வகுத்த விதி எளிமையானது. சிறுநீரில், வயிற்றில், நாடியில், அல்லது குடலில் மருந்தின் செயல் தெரியும் வரை கொடுக்க வேண்டும். இவற்றில் எது முதலில் தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த மருந்து வேலை காட்டத் தாமதமாகும். நிறுத்திய பின்னும் அதன் வேகம் சில காலம் உடம்பில் நிற்கும். ஆகவே பலன் தெரியவில்லையே என்று அவசரப்பட்டு மேன்மேலும் கொடுப்பது ஆபத்து என்பதை அவர் தெளிவாக்கினார்.

யாருக்கு இது ஏற்றது என்பதையும் நாடியைப் பார்த்தே கண்டார். உடல் வலுவும் இறுகிய நாடியும் உள்ளவருக்குப் பலன் குறைவு. முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்து, நாடி நலிந்து விட்டு விட்டு அடிப்பவருக்குப் பலன் அதிகம். நீர் பிரியச் செய்யும் மருந்து என்றே அதை அவர் எண்ணினார். ஆயினும் இதயத்தின் இயக்கத்தின்மேல் வேறு எந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இதற்கு உண்டு என்பதையும், அந்த ஆற்றலை நல்வழியில் திருப்பலாம் என்பதையும் குறித்து வைத்தார். ஸ்டெதஸ்கோப்பும் இல்லாத காலத்தில், விரல் நுனியை மட்டும் நம்பி அவர் கண்ட உண்மை அது.

கலகமும் காச நோயும்

1785-லேயே அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். கனிமங்களிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அவர் ஆராய்ந்த பேரியம் கார்பனேட் கனிமத்துக்கு, ஜெர்மானிய அறிஞர் வெர்னர் 1790-ல் விதரைட் என்று அவர் பெயரையே சூட்டினார்.

1791-ல் பர்மிங்காமில் பெரும் கலகம் மூண்டது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த பிரீஸ்ட்லியின் வீடும் ஆய்வுக் கூடமும் தீக்கிரையாயின. கலகக்காரர்கள் விதரிங் குடியிருந்த எட்ஜ்பாஸ்டன் மாளிகையையும் நெருங்கினார்கள். படைவீரர்கள் வந்து சேர்ந்ததால் அவர் தப்பினார்.

ஆனால் வேறொரு பகைவன் அவர் உடம்புக்குள்ளேயே இருந்தான். காச நோய் அவருடைய நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது. ஊரார் மூச்சுத் திணறலைத் தீர்த்தவர் தம் மூச்சுக்குப் போராடினார். 1790-களில் குளிர்காலத்தைக் கழிக்கப் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகருக்குப் போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை; ஒரு வெந்நீர் ஊற்றின் நீரைப் பகுத்தாராய்ந்து அறிக்கை எழுதினார்.

விதரிங் என்ற அவர் பெயருக்கு ஆங்கிலத்தில் வாடுதல் என்று பொருள். மருத்துவ உலகின் மலர் வாடுகிறது என்று அந்தப் பெயரை வைத்து நண்பர்கள் சிலேடையாகச் சொல்லி வருந்தினார்கள். 1799-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, தம் 58-வது வயதில் அவர் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய மாதா கோயிலில் உள்ள அவருடைய நினைவுச் சின்னத்தில் பாக்ஸ்குளோவ் பூங்கொத்து செதுக்கப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பின்

விதரிங்கின் எச்சரிக்கையை அடுத்த தலைமுறை மறந்தது. காச நோய், காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ்குளோவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜேம்ஸ் மெக்கன்ஸி என்ற பிரிட்டிஷ் டாக்டர் நாடி அலைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கி, துடிப்பு தாறுமாறாக ஓடும் நோயாளிகளுக்கு இந்த மருந்து துடிப்பை அடக்கிச் சீராக்குவதை அவர் காட்டினார். அதே காலத்தில் ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர் இ.சி.ஜி. கருவியை உருவாக்கினார். அதன் பின் இதயத்தின் தாளத்தைத் தாளிலேயே பார்க்க முடிந்தது.

1930-ல் சிட்னி ஸ்மித் என்ற ரசாயன நிபுணர், டிஜிடாலிஸ் இனத்துச் செடியொன்றிலிருந்து டிஜாக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இலைப்பொடியின் வீரியம் மாறும் தொல்லை தீர்ந்தது. ஆனால் நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே உள்ள இடைவெளி மட்டும் அகலவில்லை.

இதற்குக் காரணம் மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. இதயத் தசையின் ஒவ்வொரு அணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. டிஜாக்சின் அந்தப் பம்பைத் தடுக்கிறது. அதனால் அணுவுக்குள் கால்சியம் கூடுகிறது. தசை வலுவாகச் சுருங்குகிறது. அதோடு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின் சேதியையும் மருந்து தாமதப்படுத்துகிறது; துடிப்பு நிதானமாகிறது. அளவு கொஞ்சம் கூடினால், அதே கால்சியம் தசையைத் தூண்டி இடையிடையே கள்ளத் துடிப்புகளை எழுப்பும். அதே தாமதம் முற்றிய தடையாக மாறும். நாடி ஒரு பக்கம் மிகவும் தளரலாம். மறுபக்கம் கீழறைகள் வெறிகொண்டு ஓடலாம். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

1997-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதயம் தளர்ந்த சுமார் 6,800 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். டிஜாக்சின் மரணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் நிலையைக் குறைத்தது. வேறு நல்ல மருந்துகளும் வந்துவிட்டதால் இன்று இதன் உபயோகம் குறைந்திருக்கிறது. கொடுத்தாலும் முன்னைவிடக் குறைந்த அளவிலேயே கொடுக்கிறார்கள். கீல்வாயுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, துடிப்பு தாறுமாறானவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களில் பலர் இந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள்.

எல்லைக் கிராமத்துக்கு வேண்டிய பாடம்

நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒரு டாக்டரைத் திருவனந்தபுரத்திலும், இன்னொருவரை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பார்ப்பது எல்லைவாசிகளுக்குச் சகஜம். ஒரே மருந்துக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருந்தால், அறியாமல் இரட்டிப்பாகச் சாப்பிட நேரும். நாள் தவறிய மாத்திரையை மறுநாள் சேர்த்துச் சாப்பிடுவதும் அதே தவறு. சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கே உடம்பில் உள்ள டிஜாக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். இதனால்தான் சில டாக்டர்கள் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் சாப்பிடச் சொல்கிறார்கள்.

நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால், சரியான அளவு டிஜாக்சினே நஞ்சாகலாம். இருமலுக்கும் தொண்டைக்கும் நம் வீடுகளில் போடும் அதிமதுரக் கஷாயத்தைத் தொடர்ந்து குடித்தாலும் பொட்டாசியம் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. அமியோடரோன், வெராபமில் போன்ற வேறு இதய மருந்துகளும் ரத்தத்தில் டிஜாக்சின் அளவைக் கூட்டும். எனவே எந்தச் சீட்டையும் எந்தக் கஷாயத்தையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பசியின்மை, குமட்டல், மஞ்சள் பார்வை, மயக்கம், படபடப்பு, நாடி அறுபதுக்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் பயந்துபோய், நன்றாக இருக்கும்போது தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

வேலியோர அரளிக்கும் இதுவே பாடம். 2024 மே மாதம், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததை அடுத்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. தோவாளைச் சந்தையிலிருந்து அன்றாடம் மலையாளக் கரைக்குப் போகும் பூக்களில் அரளியும் ஒன்று. பூ சாமிக்கு ஆகும். வாய்க்கு ஆகாது என்பதே அந்த முடிவின் சாரம்.

யாழ்ப்பாணத்தில் மஞ்சள் அரளி நஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த 170 பேரைப் பற்றிய ஆய்வு 1988-ல் வெளிவந்தது. அரளியின் நஞ்சும் டிஜாக்சினும் ஒரே இனம் என்பதால், டிஜாக்சினுக்காகக் கண்டுபிடித்த முறிமருந்தை இலங்கை டாக்டர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து இலங்கையிலேயே சோதித்தார்கள். அது இதயத் தாளத்தை மீட்கிறது என்ற முடிவு 2000-ல் வெளியாயிற்று. ஆனால் விலை அதிகமானதால் அந்த முறிமருந்து ஏழை நாடுகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அரளியோ ஒதளமோ வயிற்றுக்குள் போயிற்று என்று தெரிந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தை வீணாக்காமல், இ.சி.ஜி. வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டு போவதே வழி. ஆள் தெளிவாகத்தானே பேசுகிறார் என்று தாமதிக்கக் கூடாது. இதயத் தாளம் சில மணி நேரம் கழித்தும் குலையலாம்.

டாக்டர் விதரிங் புதிய செடி எதையும் படைக்கவில்லை. பாட்டிமார் கையிலிருந்த செடியை வாங்கி, அளவு என்ற ஒன்றை அதோடு சேர்த்தார். தம் தோல்விகளையும் மறைக்காமல் எழுதி வைத்தார். நாடியைப் பார், வயிற்றைக் கேள், அறிகுறி கண்டால் நிறுத்து என்பதே அவர் விட்டுச் சென்ற செல்வம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அளவோடு நின்றால் நஞ்சும் மருந்தாகும் என்பதற்கு விதரிங்கின் வாழ்க்கையே சான்று.